நோயாளியின் கட்டிலருகே எழும் கேள்வி: சான்று தேடக் கற்றுத்தரும் மருத்துவமனை நூலகர்

பக்கவாதம் வந்து மூன்று வாரங்களே ஆன ஒருவரின் இடக்கை மணிக்கட்டு மடங்கியபடியே கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விரல்களை அவரால் விரிக்க முடியவில்லை. இப்படியே விட்டுவிட்டால் தசை குறுகி, மூட்டு இறுகி, பிறர் பிடித்து விரித்தாலும் விரியாத நிலைக்குக் கை போய்விடுமோ என்று வீட்டாரும் சிகிச்சையாளரும் அஞ்சுவது இயல்பு. அதனால் இரவில் தூங்கும்போது மணிக்கட்டையும் விரல்களையும் நீட்டிப் பிடித்திருக்கும் ஸ்பிளிண்ட் ஒன்றை மாட்டிவிடுவது பல நாடுகளில் நெடுங்கால வழக்கம். வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டைக் கையின் அளவுக்கு வெட்டி, வளைத்து, வெல்க்ரோ பட்டை வைத்து அதைச் செய்து தருபவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். தகட்டில் கத்தரியை வைக்கும் முன் அவர் மனத்தில் ஒரு கேள்வி எழலாம். இது உண்மையாகவே பயன் தருகிறதா, அல்லது நமக்கு முன்னிருந்தவர்கள் செய்தார்கள் என்பதற்காக நாமும் செய்கிறோமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடும் திறமை தானாக வந்துவிடுவதில்லை. அதை ஒருவர் கற்றுத்தர வேண்டும். ஆஸ்திரேலியா, பிரிட்டன், கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் அந்தப் பணியின் கணிசமான பகுதியை ஏற்றிருப்பவர்கள் மருத்துவமனை நூலகர்கள். புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி வைப்பவர் என்றே நூலகரை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கக்கூடும். அவர் என்ன கற்றுத்தருகிறார், ஏன் அவர் கற்றுத்தர வேண்டியிருக்கிறது என்பதை, இத்துறைக்குப் புதியவர்களுக்காக, மேலே சொன்ன ஸ்பிளிண்ட் கேள்வியையே துணையாகக் கொண்டு விளக்குகிறேன்.

முதலில் ஆக்குபேஷனல் தெரபி என்ற பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தமிழில் இதைத் தொழில்வழிச் சிகிச்சை என்றும் செயல்வழிச் சிகிச்சை என்றும் எழுதுகிறார்கள். இரண்டாவது பெயரே பொருளுக்கு நெருக்கமானது என்று நான் கருதுகிறேன், ஏனென்றால் இங்கே ஆக்குபேஷன் என்பது சம்பளத்துக்குச் செய்யும் வேலையை மட்டும் குறிப்பதில்லை. சட்டைப் பொத்தான் போடுவது, குளிப்பது, சமைப்பது, எழுதுவது, குழந்தை விளையாடுவது என ஒருவரின் நாளை நிரப்பும் செயல்கள் எல்லாம் அதில் அடங்கும். நோயாலோ காயத்தாலோ முதுமையாலோ பிறவிக் குறையாலோ அச்செயல்கள் தடைப்படும்போது, அவற்றை மீண்டும் செய்ய வைப்பதும், செய்யும் வழியை மாற்றித் தருவதும், வீட்டையும் கருவிகளையும் அதற்கேற்பத் திருத்துவதும் செயல்வழிச் சிகிச்சையாளரின் வேலை. பெயரைப் பற்றிய இந்த விளக்கம் சொல்லாராய்ச்சிக்காக அன்று. தேடலைப் பற்றிப் பேசும்போது இதே சொல் நமக்குத் தொல்லை கொடுக்கப் போகிறது.

சான்று சார்ந்த சிகிச்சை என்றால் என்ன

ஆர்ச்சி காக்ரேன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1972-இல் எழுதிய நூலொன்றில், பயன் உண்டென்று நம்பிச் செய்யப்படும் சிகிச்சைகளில் பலவற்றுக்கு முறையான சோதனையின் ஆதரவு இல்லை என்று சுட்டிக்காட்டினார். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கயாட்டும் அவருடைய சகாக்களும் 1990-களின் தொடக்கத்தில் இந்தச் சிந்தனைக்குச் சான்று சார்ந்த மருத்துவம் என்ற பெயரைப் பரப்பினார்கள். காக்ரேனின் பெயரைத் தாங்கிய பன்னாட்டு அமைப்பு 1993-இல் தொடங்கப்பட்டது. ஒரு சிகிச்சையைப் பற்றி உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தேடித் திரட்டி, தரம் பார்த்து, ஒன்றாக வைத்து முடிவு சொல்லும் முறைசார் மீளாய்வுகளை அது வெளியிடுகிறது.

சான்று என்ற சொல்லைக் கேட்டதும், ஆராய்ச்சிக் கட்டுரை என்ன சொல்கிறதோ அதை அப்படியே செய்வது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். இது பிழை. டேவிட் சாக்கெட்டும் பிறரும் 1996-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய விளக்கத்தில், கிடைக்கும் சான்றுகளில் சிறந்ததைச் சிகிச்சையாளரின் சொந்த அனுபவ அறிவோடு இணைத்து, எதிரே இருக்கும் நோயாளியின் நிலையையும் விருப்பத்தையும் கருத்தில் கொண்டு முடிவெடுப்பதே இம்முறை என்பதைத் தெளிவாக்கினார்கள். செயல்வழிச் சிகிச்சையில் இந்த மூன்றாவது அம்சத்துக்கு எடை மிக அதிகம். ஒருவருக்குத் தம் கையால் தாமே உண்பது உயிர் போன்றதாக இருக்கும். இன்னொருவருக்கு அதில் உதவி பெறுவது பொருட்டே இல்லை, கையெழுத்துப் போட முடிந்தால் போதும் என்றிருக்கும். எந்த ஆய்வும் இதைச் சிகிச்சையாளருக்கு முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது.

இம்முறையை ஐந்து படிகளாகப் பிரித்துக் கற்பிப்பது வழக்கம். கேள்வியைச் சரியாக அமைப்பது, விடையைத் தேடுவது, கிடைத்ததன் தரத்தை எடைபோடுவது, அதை நோயாளியிடம் பொருத்திப் பார்ப்பது, நடந்ததை மதிப்பிடுவது என்பன அவை. முதல் இரண்டும் நூலகரின் வீடு. மூன்றாவது இருவரும் சேர்ந்து நிற்கும் திண்ணை. கடைசி இரண்டில் சிகிச்சையாளரின் தீர்ப்பே தீர்ப்பு. இந்த எல்லையை அறிந்து அதற்குள் நின்று கற்பிப்பவரே நல்ல மருத்துவமனை நூலகர்.

நூலகர் ஏன் தேவைப்படுகிறார்

ஆஸ்திரேலியாவில் 649 செயல்வழிச் சிகிச்சையாளர்களிடம் நடத்தப்பட்டு 2003-இல் வெளியான கருத்தறியும் ஆய்வில், 96 விழுக்காட்டினர் சான்று சார்ந்த முறை தம் துறைக்கு முக்கியம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் முடிவெடுக்கும்போது ஆராய்ச்சி முடிவுகளைப் பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் 56 விழுக்காட்டினரே. அவர்கள் பெரிதும் சார்ந்திருந்தது தங்கள் அனுபவத்தையும் சக சிகிச்சையாளர்களையும்தான். இதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். காலையிலிருந்து மாலை வரை வார்டுகளில் நிற்கும் ஒருவருக்குத் தேடுவதற்கு நேரம் கிடைப்பதில்லை; நேரம் கிடைத்தாலும் எங்கே தேடுவது என்று தெரிவதில்லை; தெரிந்தாலும் கட்டுரையின் முழு வடிவம் பணம் கட்டினால்தான் திறக்கும் என்கிறது திரை.

தேட வேண்டிய பரப்பும் சிறியதன்று. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிட்டு, 1997 முதல் பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்திருக்கும் பப்மெட் தரவுத்தளத்தில் மட்டும் இன்று மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட பெருங்கடலில் வழி கண்டு போவதுதான் நூலகரின் தொழிற்பயிற்சி. அவரை நூலக அறையிலிருந்து நோயாளிகளின் வார்டுக்கு அழைத்துவந்த வரலாறு 1971-இல், அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகக் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் நூலகர் கெர்ட்ரூட் லாம்ப் தொடங்கிய திட்டத்தோடு உருப்பெறுகிறது. மருத்துவக் குழுவோடு நூலகரும் வார்டுச் சுற்றில் நடந்து, அங்கே எழும் கேள்விகளைக் குறித்துக்கொண்டு, விடைதரும் கட்டுரைகளைத் தேடிக் கொடுத்தார்கள். தேடிக் கொடுப்பதோடு தேடக் கற்றுக்கொடுப்பதும் பின்னர் அந்தப் பணியின் பகுதியாக வளர்ந்தது.

முதல் பாடம்: கேள்வி

பழகாத ஒருவர் தேடுபொறியில் பக்கவாதத்துக்கு ஸ்பிளிண்ட் நல்லதா என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைத் தட்டிவிட்டு, முதல் பக்கத்தில் வந்ததைப் படிப்பார். கேள்வியைப் பிரித்துப் பார்ப்பதே நூலகரின் முதல் பாடம். இதற்கு 1995-இல் ஸ்காட் ரிச்சர்ட்சனும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரையின் வழியாகப் பரவிய ஒரு சட்டகம் உண்டு. நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து பைக்கோ என்று அழைக்கிறார்கள். நோயாளி யார், செய்யப்போவது என்ன, எதோடு ஒப்பிடுகிறோம், எந்த விளைவை எதிர்பார்க்கிறோம் என்பனவே அந்த நான்கும்.

நம் சிகிச்சையாளர் இதை நிரப்ப உட்காரும்போது உண்மையான வேலை தொடங்குகிறது. நோயாளி யார் என்றால் பக்கவாதம் வந்தவர் என்று எழுதுவார். வந்து எவ்வளவு காலம் ஆனது, மணிக்கட்டைத் தானாக அசைக்க முடிகிறதா என்று நூலகர் கேட்பார். ஸ்பிளிண்ட் என்று எழுதியதும், எந்த நிலையில் பிடித்திருக்கும் ஸ்பிளிண்ட், இரவிலா பகலிலா, எத்தனை வாரங்களுக்கு என்ற கேள்விகள் வரும். விளைவு என்ற இடத்தில்தான் பெரும்பாலோர் தயங்கி நிற்பார்கள். மூட்டு இறுகாமல் தடுப்பதா, வலி குறைவதா, உள்ளங்கையைக் கழுவித் தூய்மையாக வைத்துக்கொள்ள முடிவதா, கையால் டம்ளரைப் பிடிக்க முடிவதா? இவை நான்கும் நான்கு வெவ்வேறு கேள்விகள். ஒன்றுக்கு ஆம் என்ற விடையும் மற்றொன்றுக்கு இல்லை என்ற விடையும் வரலாம். பக்கவாதம் வந்து எட்டு வாரங்களுக்குள் இருக்கும், மணிக்கட்டைத் தானாக நீட்ட முடியாத ஒருவருக்கு, இரவு நேர ஸ்பிளிண்ட், அது இல்லாத வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடும்போது, மூட்டு இறுகுவதைக் குறைக்கிறதா என்ற வடிவத்தை எட்டும்போது கேள்வி தேடத் தகுந்ததாகிறது.

இந்தப் பயிற்சி முழுவதிலும் நான் மிகவும் மதிப்பது இந்தப் பகுதியைத்தான். தாம் எதற்காக இந்தச் சிகிச்சையைச் செய்கிறோம் என்பதைச் சிகிச்சையாளர் தமக்கே சொல்லிக்கொள்ளும் இடம் இது. தரவுத்தளத்தைத் திறக்காமலேயே, கேள்வியைப் பிரித்த அளவிலேயே, சிகிச்சையின் நோக்கம் தெளிந்துவிடுவதும் உண்டு.

இரண்டாம் பாடம்: தேடல்

அடுத்து, முழு வாக்கியத்தை விட்டுவிட்டு, கேள்வியின் ஒவ்வொரு பகுதிக்கும் மாற்றுச் சொற்களைத் திரட்டக் கற்றுத்தருகிறார் நூலகர். ஸ்ட்ரோக் என்று ஒருவர் எழுதியதை இன்னொருவர் செரிப்ரோவாஸ்குலர் ஆக்சிடெண்ட் என்றும், மற்றொருவர் ஹெமிப்ளீஜியா என்றும் எழுதியிருப்பார். ஸ்பிளிண்டை ஆர்த்தோசிஸ் என்று எழுதுபவர்களும் உண்டு. குழந்தைகளைப் பற்றித் தேடுவோருக்கு பீடியாட்ரிக் என்ற சொல்லில் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து கூடுதலாக வருவது தெரிந்திருக்க வேண்டும். ஒரே பொருள் தரும் சொற்களை ஆர் என்ற இணைப்பால் சேர்த்துக் குவியலாக்கி, பிறகு அந்தக் குவியல்களை அண்ட் என்ற இணைப்பால் ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். முதலாவது வலையை விரிக்கிறது, இரண்டாவது அதைச் சுருக்குகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டவருக்குப் பாதித் தேடல் கைவந்ததுபோல.

சொற்கள் இப்படிச் சிதறிக் கிடப்பதற்கு நூலகர்களே கண்ட மருந்து, பொருள் தலைப்புகளின் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியல். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960-இல் அறிமுகப்படுத்திய மெஷ் என்ற பட்டியலின்படி பப்மெடில் பெரும்பாலான கட்டுரைகளுக்குத் தலைப்புகள் இடப்படுகின்றன. ஆசிரியர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும் ஒரே பொருளைப் பேசுபவை ஒரே தலைப்பின்கீழ் வந்து சேரும். செயல்வழிச் சிகிச்சையாளருக்கு இது பெரிய உதவி. ஆக்குபேஷன் என்ற சொல்லை மட்டும் போட்டுத் தேடினால் ஆலைத் தொழிலாளரின் நுரையீரல் நோயும், அலுவலக மன அழுத்தமும், வேலையின்மையும் வந்து குவியும். அந்தச் சொல்லின் பொருள் துறைக்குள் ஒன்றாகவும் வெளியே வேறாகவும் இருப்பதன் விலை அது. அன்றாடச் செயல்கள் என்ற மெஷ் தலைப்பைக் காட்டித்தரும்போது சிகிச்சையாளர் முகத்தில் தெளிவு வருவதை எந்த நூலகரும் அறிவார்.

எங்கே தேடுவது என்பதும் பாடத்தின் பகுதி. எல்லோரும் அறிந்த பப்மெட் போதாது. செவிலியர் இதழ்களுக்கான அட்டவணையாகத் தொடங்கி, பின்னர் மறுவாழ்வுச் சிகிச்சைத் துறைகளையும் உள்ளடக்கிய சினால் என்ற தரவுத்தளத்தில், பப்மெடில் இல்லாத செயல்வழிச் சிகிச்சை இதழ்கள் கிடைக்கின்றன. ஒரு சிகிச்சையைப் பற்றிய எல்லாச் சோதனைகளையும் ஒருவரே தேடிப் படிப்பதைவிட, காக்ரேன் நூலகத்தில் மீளாய்வு ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பார்ப்பதே அறிவுடைமை. 2003-இல் ஆஸ்திரேலியாவில் இத்துறைக்கென்றே தொடங்கப்பட்ட ஓடிசீக்கர் என்ற தளம் சோதனைகளையும் மீளாய்வுகளையும் திரட்டியதோடு, சோதனைகளின் தரத்துக்கு மதிப்பெண்ணும் இட்டுக் காட்டியது. பணம் கட்டித் திறக்க வேண்டிய கட்டுரைகளுக்கும் வழி உண்டு. நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு 1997 முதல் தன் பொது மருத்துவமனை ஊழியர்களுக்கென ஒரு தகவல் வாயிலை நடத்திவருகிறது. அதில் நுழையத் தெரியாததாலேயே பயன்படுத்தாமல் விட்டவர்களுக்கு அதைத் திறந்து காட்டுவதும் நூலகரின் வகுப்பில் நடக்கும்.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் ஓர் இழை உண்டு. காக்ரேன் அமைப்பின் தெற்காசியப் பணிகளுக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மையமாக இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முயற்சியால் காக்ரேன் நூலகம் 2007-இல் இந்தியா முழுவதற்கும் கட்டணமின்றித் திறக்கப்பட்டது.

மூன்றாம் பாடம்: கிடைத்ததை எடைபோடுதல்

ஸ்பிளிண்ட் கேள்வியை மேலே சொன்னபடி தேடினால், ஆஸ்திரேலியாவில் நட்டாஷா லானினும் சகாக்களும் நடத்தி 2007-இல் ஸ்ட்ரோக் இதழில் வெளியிட்ட சோதனை கிடைக்கும். அண்மையில் பக்கவாதம் வந்த, மணிக்கட்டைத் தானாக நீட்ட முடியாத 63 பேரை மூன்று குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மணிக்கட்டை நடுநிலையில் பிடிக்கும் ஸ்பிளிண்ட், இன்னொன்றுக்கு நீட்டிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட், மூன்றாவதுக்கு ஸ்பிளிண்ட் இல்லை. நான்கு வாரங்கள் இரவுதோறும் அணிந்த பின் அளந்து பார்த்தபோது, இருவகை ஸ்பிளிண்டும் மணிக்கட்டு இறுகுவதைக் குறைக்கவில்லை.

இந்தக் கட்டுரையை எதிரே வைத்துக்கொண்டு நூலகரும் சிகிச்சையாளரும் சில கேள்விகளைக் கேட்கிறார்கள். யாருக்கு ஸ்பிளிண்ட் என்பதைக் குலுக்கல் முடிவு செய்ததா, மருத்துவரின் விருப்பமா? அளந்தவருக்கு, தாம் அளக்கும் கை எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று தெரிந்திருந்ததா? பாதியில் விலகியவர்கள் எத்தனை பேர்? குலுக்கல் ஏன் முக்கியம் என்பதை விளக்குவது எளிது. ஸ்பிளிண்டை விரும்பி அணிபவர்கள் பொதுவாகவே உடற்பயிற்சியிலும் அக்கறை உள்ளவர்களாக இருக்கலாம். அவர்கள் கை நன்றாயிருந்தால் அது ஸ்பிளிண்டாலா அக்கறையாலா என்று பிரிக்க முடியாது. குலுக்கல் அந்த அக்கறையைக் குழுக்களிடையே சமமாகப் பரப்பிவிடுகிறது.

இந்தச் சோதனை எதைச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மூட்டு இறுகுவதைத்தான் அது முதன்மையாக அளந்தது. ஆண்டுக்கணக்கில் விறைத்த கையோடு வாழ்பவரின் உள்ளங்கைத் தூய்மைக்கு ஸ்பிளிண்ட் உதவுமா என்பது வேறு கேள்வி, அதற்கு மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டும். ஸ்பிளிண்ட் வேண்டாம் என்றால் வேறென்ன செய்வது என்று தேடும்போது, அமெரிக்காவில் 222 பேரிடம் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான எக்சைட் என்ற சோதனை எதிர்ப்படும். நல்ல கைக்கு உறை மாட்டி அடக்கிவைத்து, பாதிக்கப்பட்ட கையையே இரண்டு வாரங்கள் தீவிரமாகப் பயன்படுத்த வைத்தபோது பலன் தெரிந்தது. படித்ததும் உற்சாகம் வரும். ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆனவர்கள். மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது தாமே நீட்ட முடிந்தவர்கள். மூன்றே வாரங்கள் ஆன, மணிக்கட்டை அசைக்கவே முடியாத நம் நோயாளி அந்தக் கூட்டத்தில் இல்லை. கட்டுரையின் முடிவுரையை மட்டும் படிக்காமல், யாரைச் சேர்த்தார்கள் என்ற பகுதியைத் தேடிப் படிக்கும் பழக்கத்தை நூலகர் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

வகுப்பு நடத்திவிட்டால் போதுமா

போதாது என்பதை இத்துறையின் ஆராய்ச்சியே காட்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆனி மெக்கிளஸ்கியும் மெர்யல் லவரினியும் 114 செயல்வழிச் சிகிச்சையாளர்களுக்கு இரண்டு நாள் பயிலரங்கும், அதன்பின் தொடர் உதவியும் அளித்து, முன்னும் பின்னும் அளந்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். அறிவும் திறனும் உயர்ந்தன. ஆனால் அன்றாடம் தேடிப் படிக்கும் பழக்கம் அந்த அளவுக்கு மாறவில்லை. பயிற்சி தருபவர்கள் மனம் தளரக்கூடிய முடிவுதான் இது. ஆயினும் இதை மறைக்காமல் வெளியிட்டது அவர்களின் நேர்மை, பயிற்சி தரும் ஒவ்வொரு நூலகரும் இதைப் படித்திருக்க வேண்டும்.

இதிலிருந்து நான் புரிந்துகொள்வது, சிகிச்சையாளர் ஒவ்வொருவரையும் அரை நூலகராக்க முயல்வது தவறான இலக்கு என்பது. எல்லாச் சிகிச்சையாளர்களும் எல்லாச் சான்றுகளையும் அடியிலிருந்து எடைபோட வேண்டியதில்லை, ஆனால் ஓரளவு திறன் எல்லோருக்கும் தேவை என்று கயாட்டும் அவருடைய சகாக்களும் 2000-இலேயே எழுதினார்கள். கேள்வியை அமைப்பதும், மீளாய்வு இருக்கிறதா என்று பார்ப்பதும், ஒரு சோதனையின் நம்பகத்தன்மையை ஏறத்தாழக் கணிப்பதும் எல்லோருக்கும் வர வேண்டும். சிக்கலான, முழுமையான தேடலை நூலகரிடம் ஒப்படைத்துவிடலாம்.

பயிற்சியை வேலைநேரத்துக்குள் கொண்டுவருவதும் அவசியம். மாதம் ஒரு மணி நேரமாவது துறைத்தலைவர் ஒதுக்கித் தந்தால், கற்பனைக் கேள்விகளை விட்டுவிட்டு அந்த வாரத்து நோயாளியைப் பற்றிய கேள்வியையே எடுத்துக்கொண்டு, நூலகர் துறைக்கே வந்து அங்கிருக்கும் கணினியில் தேடிக் காட்டலாம். கேள்வி, தேடிய விதம், கிடைத்த சான்று, அதன் குறை, எட்டிய முடிவு ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, தேதியிட்டு, துறையின் கோப்பில் வைத்துவிட்டால் அடுத்து வருபவர் அதே தேடலை மீண்டும் செய்ய வேண்டியதில்லை. தேடலைத் தரவுத்தளத்தில் சேமித்து வைத்தால் புதிய கட்டுரை வரும்போதெல்லாம் மின்னஞ்சல் வரும்; அப்போது அந்தப் பக்கத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

நம் சிகிச்சையாளர் இனி என்ன செய்வார்? லானின் சோதனையைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்போடு வார்டுக்குத் திரும்புவார். இரவு முழுவதும் தகட்டைக் கட்டிக்கொண்டு தூங்குவதால் கை இறுகாமல் இருக்கும் என்று சொல்ல ஆதாரமில்லை என்பதை நோயாளியிடமும் அவர் மனைவியிடமும் விளக்குவார். மனைவி, கையை அப்படியே விட்டுவிடவா என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நோயாளியின் நிலையையும் விருப்பத்தையும் அறிந்து பதில் சொல்வது சிகிச்சையாளரின் பொறுப்பு. பேச்சுக்கிடையில் அந்த அம்மாள், தோளைத் தொட்டாலே அவருக்கு வலிக்கிறது, சட்டை மாட்டும்போது எப்படிப் பிடிப்பது என்றும் கேட்பார். சிகிச்சையாளர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். நோயாளி யார், செய்யப்போவது என்ன, எதோடு ஒப்பிடுவது, எந்த விளைவு என்று நான்காகப் பிரித்தே எழுதுவார்.